பேசாதே, பேசு: அமெரிக்க அரசியல் வழக்குகளில் வாய்ப்பூட்டும் ஒப்புதல் பேரமும்

2020 டிசம்பர் 23 அன்று, பதவிக்காலம் முடிய ஒரு மாதமே இருந்த நிலையில், அதிபர் டொனால்ட் ட்ரம்ப் மன்னிப்பு வழங்கியவர்களில் பால் மானஃபோர்ட்டும் ரோஜர் ஸ்டோனும் இருந்தார்கள். 1980களில் வாஷிங்டனில் ஒரே அரசியல் தரகு நிறுவனத்தின் பங்காளிகளாக இருந்தவர்கள் இவர்கள். பல ஆண்டுகள் கழித்து இருவரும் ஒரே நீதிபதியின் முன் நின்றார்கள். எமி பெர்மன் ஜாக்சன் என்ற அந்த நீதிபதி, வழக்கைப் பற்றி வெளியே வாய் திறக்கக் கூடாதென்று இருவருக்கும் தடை விதித்தார். அதற்குப் பிறகு இருவர் வழியும் பிரிந்தது. மானஃபோர்ட் குற்றத்தை ஒப்புக்கொண்டு அரசுத் தரப்போடு உடன்பாடு செய்துகொண்டார், பிறகு அந்த உடன்பாட்டை மீறினார். ஸ்டோனோ பேரமே வேண்டாமென்று விசாரணையைச் சந்தித்துத் தண்டனை பெற்றார். கடைசியில் இருவர் கையிலும் ஒரே மன்னிப்புக் கடிதம்.

மூன்றாவதாக ஒருவர் உண்டு. மானஃபோர்ட்டின் வலது கையாக இருந்த ரிக் கேட்ஸ். அவரும் இதே நீதிபதியின் பேச்சுத் தடைக்கு ஆளானவர். 2018 பிப்ரவரியில் குற்றத்தை ஒப்புக்கொண்டார். கொடுத்த வாக்கைக் காப்பாற்றி மானஃபோர்ட்டுக்கு எதிராகவும் ஸ்டோனுக்கு எதிராகவும் கூண்டேறிச் சாட்சி சொன்னார். அவருக்குக் கிடைத்தது 45 நாள் சிறையும் 3 ஆண்டு நன்னடத்தைக் கண்காணிப்பும். மன்னிப்புப் பட்டியலில் அவர் பெயர் இல்லை.

சட்டத்தின் கணக்கில் பார்த்தால் கேட்ஸ்தான் புத்திசாலி. மற்ற இருவருக்கும் விதிக்கப்பட்டது ஆண்டுக்கணக்கில் சிறை. ஆனால் அரசியலின் கணக்கு வேறு. குற்றவியல் நீதிமன்றத்துக்குக் குற்றம் சாட்டப்பட்டவரின் பேச்சின் மேல் இரண்டு பிடிகள் உண்டு. ஒன்று, பேசாதே என்று கட்டுவது. மற்றது, பேசினால் தண்டனையைக் குறைக்கிறேன் என்று விலை வைப்பது. முதலாவது வாய்ப்பூட்டு உத்தரவு, இரண்டாவது குற்ற ஒப்புதல் பேரம். இரண்டும் ஒரே அனுமானத்தின் மேல் நிற்கின்றன: எதிரில் நிற்பவரைத் தண்டிக்கவோ விடவோ வல்லவர் இந்த அறையில் இருப்பவர்கள் மட்டுமே. சாதாரணக் குற்றவாளியைப் பொறுத்தவரை அது உண்மை. அரசியல் வழக்கில் அந்த அறைக்கு வெளியே இருந்து இன்னொருவர் ஏலம் கேட்கிறார். அவர் கேட்பது மௌனத்தை. அவர் தரும் விலை மன்னிப்பு.

வாய்ப்பூட்டு உத்தரவின் வரலாறு அரசியல் வழக்கில் தொடங்கவில்லை. 1954 ஜூலையில், ஓஹியோ மாநிலம் கிளீவ்லாந்து நகரின் புறநகர் ஒன்றில் சாம் ஷெப்பர்ட் என்ற மருத்துவரின் கர்ப்பிணி மனைவி கொலையுண்டார். சந்தேகம் கணவர் மேல் விழுந்தது. அவரை ஏன் இன்னும் கைது செய்யவில்லை என்று பத்திரிகைகள் முதல் பக்கத்திலேயே கேட்டன. மரண விசாரணை ஒரு பள்ளியின் உடற்பயிற்சிக் கூடத்தில் கூட்டம் கூட்டி நடத்தப்பட்டது. வழக்கு தொடங்கியபோது நிருபர்களுக்கான மேசை குற்றம் சாட்டப்பட்டவரின் பக்கத்திலேயே போடப்பட்டது. தன் வழக்கறிஞரோடு அவர் ரகசியமாக ஒரு வார்த்தை பேச முடியவில்லை. ஜூரிகளின் பெயரும் முகவரியும் அச்சில் வந்தன. போதாததற்கு, விசாரித்த நீதிபதி, வாதாடிய அரசு வழக்கறிஞர் இருவருமே அந்த இலையுதிர்காலத்தில் நீதிபதிப் பதவிக்கான தேர்தலில் வேட்பாளர்கள். ஷெப்பர்ட் பத்தாண்டு சிறையில் இருந்தார். 1966இல் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்தது. மறுவிசாரணையில் ஜூரிகள் அவரை விடுவித்தார்கள்.

அந்தத் தீர்ப்பு பத்திரிகைகளைக் கடிந்துகொண்டாலும், குற்றத்தைச் சுமத்தியது விசாரணை நீதிபதியின் மேல்தான். வழக்கறிஞர்கள், தரப்பினர், சாட்சிகள், நீதிமன்ற ஊழியர்கள் ஆகியோரின் வாயைக் கட்டும் அதிகாரம் உன்னிடம் இருந்ததே, ஏன் பயன்படுத்தவில்லை என்று கேட்டது. அதை அமெரிக்க நீதிபதிகள் சற்று அதிகமாகவே மனதில் வாங்கிக்கொண்டார்கள். 1975இல் நெப்ராஸ்காவில், 850 பேர் வாழும் சதர்லாந்து என்ற சிற்றூரில் ஒரே குடும்பத்தைச் சேர்ந்த ஆறு பேர் கொல்லப்பட்டபோது, அங்கிருந்த நீதிபதி பத்திரிகைகளுக்கே தடை போட்டார். அடுத்த ஆண்டு உச்ச நீதிமன்றம் அதை ஒருமனதாகத் தள்ளியது. அச்சாவதற்கு முன்பே தடுப்பது அரசியல் சட்டத்தின் முதல் திருத்தத்துக்கு மிகப் பெரிய ஊறு என்றது. ஆக, செய்தியை நிறுத்த முடியாது, செய்தி ஊறும் கிணற்றை மட்டும் மூடலாம். 1991இல் நெவாடா வழக்கறிஞர் ஒருவரைப் பற்றிய வழக்கில், வழக்கில் பங்குபெறும் வழக்கறிஞரின் பேச்சு விசாரணையைக் கணிசமாகக் கெடுக்கும் வாய்ப்பு இருந்தால் அதைத் தடுக்கலாம் என்று ஓர் அளவுகோலையும் உச்ச நீதிமன்றம் ஏற்றது. வழக்கறிஞருக்கு ஏற்ற அளவுகோல் குற்றம் சாட்டப்பட்டவருக்கும் பொருந்துமா என்பதை மட்டும் அது சொல்லவில்லை. அந்த ஓட்டை அப்படியே கிடந்தது. முப்பது ஆண்டுகளுக்கு மேல் கழித்து ஒரு முன்னாள் அதிபர் அதன் வழியே நுழைய வேண்டியிருந்தது.

ஷெப்பர்ட் வழக்கின் தர்க்கத்தில் கவனிக்க வேண்டியது ஒன்று. அங்கே வெளிச்சத்தால் பாதிக்கப்பட்டவர் குற்றம் சாட்டப்பட்டவர். வாய்ப்பூட்டு அவரைக் காப்பதற்காகப் பிறந்தது. மானஃபோர்ட், ஸ்டோன் போன்றவர்கள் வெளிச்சத்தைத் தேடிப் போகிறவர்கள், அதையே பிழைப்பாகக் கொண்டவர்கள். கேடயமாகச் செய்த கருவியைக் கடிவாளமாக மாட்ட வேண்டிய நிலை வந்தது.

2017 அக்டோபர் 30 அன்று மானஃபோர்ட் மீதான குற்றப்பத்திரிகை வெளியானது. நீதிமன்ற வாசலில் அவருடைய வழக்கறிஞர் ஒலிவாங்கிகளின் முன் நின்று, குற்றச்சாட்டுகள் அபத்தம் என்றார். சில நாட்களில் நீதிபதி ஜாக்சன், இது குற்ற வழக்கே தவிர விளம்பரப் பிரசாரம் அல்ல என்று எச்சரித்து, நவம்பர் 8 அன்று இரு தரப்புக்கும் பேச்சுத் தடை விதித்தார். ஒரு மாதம் கூட ஆகவில்லை. உக்ரைனின் ஆங்கிலப் பத்திரிகை ஒன்றில் இன்னொருவர் பெயரில் வரவிருந்த கட்டுரையை மானஃபோர்ட் பின்னாலிருந்து எழுதித் திருத்திக்கொண்டிருப்பதை அரசுத் தரப்பு கண்டுபிடித்தது. அவருக்கு அதில் துணை நின்றவர் கான்ஸ்டான்டின் கிலிம்னிக். ரஷ்ய உளவுத்துறையோடு தொடர்புடையவர் என்று விசாரணையாளர்கள் கருதியவர். கேட்ஸும் சும்மா இருக்கவில்லை. தன் சட்டச் செலவுக்கு நிதி திரட்டிய கூட்டத்துக்கு ஒளிப்பதிவுச் செய்தி அனுப்பியதற்காக அவரும் நீதிபதிக்கு விளக்கம் சொல்ல வேண்டியதாயிற்று. 2018 ஜூனில் மானஃபோர்ட்டின் ஜாமீன் ரத்தானது பேச்சுத் தடையை மீறியதற்காக அல்ல, சாட்சிகளைக் கலைக்க முயன்றதற்காக. இரண்டுக்கும் உள்ள தூரம் அவ்வளவு அதிகமில்லை என்பதைத்தான் அந்த ஆறு மாதங்கள் காட்டின.

ஸ்டோன் கதை இன்னும் வெளிப்படை. 2019 ஜனவரியில் கைதான அவருக்கு நீதிபதி முதலில் விதித்தது மிக மென்மையான தடை: நீதிமன்ற வளாகத்தின் அருகே பேசாதே. மூன்றே நாளில், பிப்ரவரி 18 அன்று, இன்ஸ்டாகிராமில் நீதிபதியின் படத்தை அவர் வெளியிட்டார். முகத்துக்குப் பக்கத்தில் துப்பாக்கியின் குறிவட்டம் போன்ற ஒரு சின்னம். அவசர விசாரணையில் கூண்டேறி மன்னிப்புக் கேட்டார். நீதிபதி அதை நம்பவில்லை, தடையை முழுமையாக்கினார். பிறகு, விசாரணையாளர்களைச் சாடும் புதிய முன்னுரையோடு அவருடைய பழைய நூல் மறுபடி கடைக்கு வருகிறது என்ற தகவல் வந்தது. பிறகு மேலும் பதிவுகள். ஜூலையில் இன்ஸ்டாகிராம், ட்விட்டர், ஃபேஸ்புக் மூன்றையும் தொடவே கூடாதென்றார் நீதிபதி. சிறையில் மட்டும் அடைக்கவில்லை.

ஏன் அடைக்கவில்லை என்பது இந்த உத்தரவுகளின் நடு முடிச்சு. பேச்சுத் தடையை மீறினால் நீதிமன்ற அவமதிப்பு, அதற்குச் சிறை என்பது ஏட்டில் இருக்கிறது. ஆனால் அரசியல் பிரபலம் ஒருவரைப் பேசியதற்காகச் சிறையில் போட்டால் அவர் தியாகியாகிவிடுவார், வழக்கின் பொருளே மாறிப்போகும். நீதிபதிக்கு இது தெரியும். தெரியும் என்பது எதிரில் நிற்பவருக்கும் தெரியும். ஒரு நீதிபதிக்கு இதைவிட அசௌகரியமான நிலை இல்லை. உத்தரவு போட்டாயிற்று, அதை அமல்படுத்தும் கடைசி ஆயுதத்தை எடுக்க மனமில்லை. இடையில் இருப்பதெல்லாம் எச்சரிக்கையும் அபராதமும்.

அந்த அபராதத்தின் அளவு எவ்வளவு கேலிக்குரியது என்பது 2024இல் நியூயார்க்கில் தெரிந்தது. வணிகக் கணக்குகளில் பொய் எழுதிய வழக்கில் நீதிபதி ஹுவான் மெர்ச்சன் மார்ச் 26 அன்று ட்ரம்ப்புக்குத் தடை விதித்தார். சாட்சிகள், ஜூரிகள், நீதிமன்ற ஊழியர்கள் ஆகியோரைப் பற்றிப் பேசக் கூடாது. நீதிபதியைப் பற்றியும் தலைமை அரசு வழக்கறிஞரைப் பற்றியும் பேசலாம். ட்ரம்ப் உடனே நீதிபதியின் மகளைத் தாக்கிப் பதிவிட்டார், ஏப்ரல் 1 அன்று குடும்பத்தினரும் தடைக்குள் சேர்க்கப்பட்டார்கள். ஏப்ரல் 30 அன்று ஒன்பது மீறல்களுக்கு 9,000 டாலர். மே 6 அன்று பத்தாவதுக்கு இன்னும் 1,000. நியூயார்க் சட்டப்படி ஒரு மீறலுக்கு அதிகபட்ச அபராதமே ஆயிரம் டாலர்தான். வசதியுள்ளவருக்கு இது உறைக்காது என்று நீதிபதியே தன் உத்தரவில் குறைபட்டுக்கொண்டு, தேவைப்பட்டால் சிறை என்றார். அந்தத் தேவை வரவேயில்லை. இதற்கிடையில் தடையைச் சுட்டிக்காட்டியே தேர்தல் நிதி கேட்டு ட்ரம்ப்பின் பிரசாரக் குழு மின்னஞ்சல்கள் அனுப்பியது. வாய்ப்பூட்டே வருமானமாயிற்று.

ஆனால் மறுபக்கத்தையும் சொல்லாமல் போவது நேர்மையல்ல. ஜூரிகளின் மனம் கலங்கும் என்ற அச்சத்துக்காக, வாக்குக் கேட்டு நிற்கும் ஒருவரின் வாயை அடைப்பது எவ்வளவு தூரம் சரி? 2023 அக்டோபரில் வாஷிங்டன் நீதிபதி தான்யா சட்கன், தேர்தலைக் கவிழ்க்க முயன்ற வழக்கில் ட்ரம்ப்புக்கு விதித்த தடையை எதிர்த்து நின்றவர்களில் அமெரிக்கக் குடிமை உரிமைகள் சங்கமும் ஒன்று. ட்ரம்ப்பின் ஆட்சியை நீதிமன்றங்களில் ஓயாமல் எதிர்த்த அமைப்பு அது. தடையின் சொற்கள் தெளிவில்லாதவை, எல்லை மீறியவை என்று அது வாதிட்டது. டிசம்பர் 8 அன்று மேல்முறையீட்டு நீதிமன்றம் நடுவழி ஒன்றைத் தேடியது. சிறப்பு வழக்கறிஞர் ஜாக் ஸ்மித்தை எவ்வளவு வேண்டுமானாலும் திட்டிக்கொள்ளலாம். சாட்சிகளைப் பற்றிப் பேசலாம், வழக்கில் அவர்களுடைய பங்கைப் பற்றி மட்டும் கூடாது. ஊழியர்களையும் மற்ற வழக்கறிஞர்களையும், வழக்குக்கு இடையூறு செய்யும் நோக்கத்தோடு பேசக் கூடாது. வேட்பாளராக இருந்தாலும் குற்றம் சாட்டப்பட்ட மற்ற எவரையும் போலவே அவரும் அதே விதிகளின் கீழ் விசாரணையைச் சந்திக்க வேண்டும் என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். நுணுக்கமாக எழுதப்பட்ட தீர்ப்பு. ஆனால் சாட்சியாகக்கூடியவர்களில் முன்னாள் துணை அதிபர் மைக் பென்ஸும் உண்டு. சட்கன் தடை விதித்தபோது அவரும் அதிபர் வேட்பாளராக இருந்தவர்தான். பென்ஸை அரசியல் எதிரியாகச் சாடுவது எங்கே முடிகிறது, சாட்சியாக மிரட்டுவது எங்கே தொடங்குகிறது? அந்தக் கோட்டை மேடையில் நின்றுகொண்டு யாராலும் வரைய முடியாது. இந்த வழக்கு விசாரணைக்கே வராமல் 2024 நவம்பரில், ட்ரம்ப் தேர்தலில் வென்ற பிறகு, கைவிடப்பட்டது.

இப்போது இரண்டாவது பிடிக்கு வருவோம். அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடர்களைப் பார்த்து அங்கே எல்லா வழக்கும் ஜூரிகளின் முன் வாதாடித் தீர்வதாக நினைத்திருப்போம். 2012இல் உச்ச நீதிமன்றமே தன் தீர்ப்பொன்றில் சொன்ன கணக்கு: மத்திய நீதிமன்றங்களில் தண்டனை பெறுபவர்களில் 97 சதவீதமும் மாநில நீதிமன்றங்களில் 94 சதவீதமும் குற்றத்தை ஒப்புக்கொண்டவர்கள். ஜூரி என்பது விதிவிலக்கு, பேரமே விதி. இந்தியாவில் 2006இல்தான் இந்தப் பேரம் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் நுழைந்தது. அதுவும் ஏழாண்டுக்கு மேல் தண்டனையுள்ள குற்றங்களைத் தொடாமல். நம் நீதிமன்றச் செய்திகளில் அடிபடும் அப்ரூவர்தான் அமெரிக்காவின் ஒத்துழைக்கும் சாட்சிக்கு நெருங்கிய உறவு. ஆனால் அப்ரூவருக்கு மன்னிப்பு தருவது நீதிமன்றம். அமெரிக்காவில் பேரத்தின் சாவி முழுக்க அரசு வழக்கறிஞரின் இடுப்பில்.

அந்தச் சாவியின் கனம் தெரிய ஒரு வழக்கு போதும். 1970களில் கென்டக்கியில் பால் ஹேஸ் என்பவர் 88 டாலர் 30 சென்டுக்கு ஒரு பொய்க் காசோலை எழுதி மாட்டிக்கொண்டார். ஒப்புக்கொண்டால் 5 ஆண்டு, மறுத்தால் பழைய குற்றங்களையும் சேர்த்துத் தொடர்குற்றவாளிச் சட்டத்தின் கீழ் ஆயுள் என்றார் அரசு வழக்கறிஞர். ஹேஸ் மறுத்தார். ஆயுள் தண்டனை கிடைத்தது. 1978இல் உச்ச நீதிமன்றம், ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில், இதில் தவறில்லை என்றது. இதனால்தான் 2018 ஆகஸ்டில் ட்ரம்ப், தண்டனையைக் குறைத்துக்கொள்ளக் கூட்டாளியைக் காட்டிக்கொடுப்பது ஏறக்குறைய சட்டவிரோதமாக்கப்பட வேண்டியது என்று தொலைக்காட்சியில் சொன்னபோது, பேரமுறையைப் பல்லாண்டாக எதிர்த்துவரும் இடதுசாரி வழக்கறிஞர்களுக்குச் சங்கடமாக இருந்திருக்க வேண்டும். சொன்னவரின் நோக்கம் வேறு என்றாலும் சொன்னதில் பாதி அவர்களுடைய வாதம்.

அரசியல் வழக்கில் ஒப்புதல் பேரம் அதன் சிறந்த வடிவில் நடந்தது எப்போது என்று கேட்டால் 1973ஐச் சொல்வேன். நிக்சனின் துணை அதிபர் ஸ்பைரோ ஆக்னியூ, மேரிலாந்தில் பதவி வகித்த நாட்களில் ஒப்பந்தக்காரர்களிடம் லஞ்சம் வாங்கி, வெள்ளை மாளிகை வரை அதைத் தொடர்ந்தார் என்று பால்டிமோர் அரசு வழக்கறிஞர்கள் கண்டுபிடித்தார்கள். செய்தி பத்திரிகைகளில் கசிந்தது. ஆக்னியூ சும்மா இருக்கவில்லை. செப்டம்பர் 29 அன்று லாஸ் ஏஞ்சல்ஸில் குடியரசுக் கட்சி மகளிர் கூட்டத்தில், குற்றம் சாட்டப்பட்டாலும் ராஜினாமா செய்ய மாட்டேன் என்று முழங்கினார். கசிவின் மூலத்தைத் தெரிந்துகொள்ள நிருபர்களுக்கே சம்மன் அனுப்ப அவருடைய வழக்கறிஞர்கள் நீதிமன்ற அனுமதி பெற்றார்கள். பதினொரு நாளில், அக்டோபர் 10 அன்று, ராஜினாமா செய்துவிட்டு, 1967ஆம் ஆண்டுக்கான வருமான வரி ஏய்ப்பு என்ற ஒரே குற்றச்சாட்டை எதிர்த்து வாதிடவில்லை என்று நீதிமன்றத்தில் சொன்னார். 10,000 டாலர் அபராதம், 3 ஆண்டு நன்னடத்தைக் கண்காணிப்பு. சிறை இல்லை.

பலருக்கு இது அநியாயமாகப் பட்டது. சட்டத்துறைச் செயலாளர் எலியட் ரிச்சர்ட்சனின் கவலை வேறு. நிக்சனின் நாற்காலி வாட்டர்கேட்டில் ஆடிக்கொண்டிருந்தது. அவர் விழுந்தால் அந்த இடத்தில் லஞ்ச வழக்கில் சிக்கிய ஒருவர் அமர்வார். அதைத் தடுப்பதுதான் முதல் வேலை. ஆனால் ரிச்சர்ட்சன் ஒரு நிபந்தனையில் அசையவில்லை. திரட்டிய சான்றுகள் 40 பக்க அறிக்கையாக நீதிமன்றப் பதிவில் சேர்ந்து எல்லோருக்கும் தெரிய வேண்டும். ஐந்து நாள் கழித்து ஆக்னியூ தேசியத் தொலைக்காட்சியில் தோன்றித் தான் குற்றமற்றவர் என்றார். யாரும் அவர் வாயைக் கட்டவில்லை. கட்ட வேண்டிய அவசியமும் இல்லை. யார் எவ்வளவு கொடுத்தார்கள் என்பது அந்த 40 பக்கத்தில் ஏற்கெனவே ஊரறிய இருந்தது. ஒப்புதல் பேரத்தின் விலை வெளிப்படையான பதிவாக இருந்தால் வாய்ப்பூட்டு வேண்டியதில்லை என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை.

ஒப்பிட்டால் மானஃபோர்ட்டின் பேரம் முழுக்க இருட்டில் நடந்தது. 2018 ஆகஸ்ட் 21 அன்று வர்ஜீனியாவில் 18 குற்றச்சாட்டுகளில் 8இல் ஜூரிகள் அவரைக் குற்றவாளி என்றார்கள். மறுநாளே ட்ரம்ப் ட்விட்டரில், அவர் உடைந்துபோகாத தைரியசாலி என்று பாராட்டினார். செப்டம்பர் 14 அன்று, வாஷிங்டனில் நடக்கவிருந்த இரண்டாவது விசாரணைக்கு முன் மானஃபோர்ட் உடைந்தார் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். இரண்டு சதிக் குற்றச்சாட்டுகளை ஒப்புக்கொண்டு, ட்ரம்ப் டவர் குடியிருப்பு உட்பட சொத்துகளை விட்டுக்கொடுத்து, முழுமையாக ஒத்துழைப்பதாகக் கையெழுத்திட்டார். நவம்பர் 26 அன்று 2016 தேர்தலில் ரஷ்யத் தலையீட்டை விசாரித்த சிறப்பு வழக்கறிஞர் முல்லரின் அலுவலகம் அவர் பொய் சொல்வதாக நீதிமன்றத்தில் அறிவித்தது. அடுத்த நாட்களில் வெளிவந்ததுதான் வியப்பு. அரசுத் தரப்பு அவரிடம் என்ன கேட்கிறது என்பதை அவருடைய வழக்கறிஞர் ட்ரம்ப்பின் வழக்கறிஞர்களுக்குச் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறார். ட்ரம்ப் தரப்பின் ரூடி ஜூலியானி இதை ஒளிக்கவும் இல்லை. அரசுக்கு விற்ற பேச்சை அவர் தரப்பு எதிர்ப்பக்கத்துக்கும் கொடுத்துக்கொண்டிருந்தது. 2019 பிப்ரவரியில் நீதிபதி ஜாக்சன் ஐந்து விஷயங்களில் மூன்றில் அவர் வேண்டுமென்றே பொய் சொன்னார் என்று முடிவு செய்தார். அவற்றில் ஒன்று கிலிம்னிக்கோடு நடந்த தொடர்புகள். மார்ச் மாதத்தில் இரண்டு நீதிமன்றங்களுமாகச் சேர்த்து ஏழரை ஆண்டு சிறை.

அதிபரின் மன்னிப்பு மாநிலச் சட்டத்தின் குற்றங்களைத் தொடாது. அதனால் அந்த வழியையும் அடைக்க, தண்டனை அறிவிக்கப்பட்ட அதே மார்ச் 13 அன்று மன்ஹாட்டன் அரசு வழக்கறிஞர் மானஃபோர்ட் மேல் தனி வழக்கு தொடுத்தார். ஒரே செயலுக்கு இருமுறை வழக்கு கூடாதென்ற விதியால் அது அந்த ஆண்டு டிசம்பரில் தள்ளுபடியானது. ஆக, மன்னிப்பு வந்தபோது அவருக்கு எதிரே மறிப்பு ஏதும் இல்லை.

ட்ரம்ப்பின் முதல் தேசியப் பாதுகாப்பு ஆலோசகர் மைக்கேல் ஃப்ளின்னின் கதையும் இதே வார்ப்பு. 2017 டிசம்பரில் புலனாய்வுத் துறையிடம் பொய் சொன்னதை ஒப்புக்கொண்டார். ஒன்றரை ஆண்டு ஒத்துழைத்த பிறகு வழக்கறிஞரை மாற்றினார். புதிய வழக்கறிஞர் சிட்னி பவல், ஒப்புதல் நெருக்கடியால் பெறப்பட்டது என்று வாதாடி 2020 ஜனவரியில் அதைத் திரும்பப் பெற மனு போட்டார். மே மாதம் சட்டத்துறையே வழக்கைக் கைவிட விரும்பியது. நீதிபதி தயங்கிக்கொண்டிருக்கையிலேயே நவம்பரில் மன்னிப்பு வந்தது. முல்லரின் அறிக்கை இரண்டாம் தொகுதியில், ஃப்ளின்னிடமும் மானஃபோர்ட்டிடமும் ட்ரம்ப் தரப்பு நடந்துகொண்ட விதத்தைத் தனியாக ஆராய்கிறது. மன்னிப்பு வரலாம் என்ற சாடைகள் சாட்சிகளின் வாயை எப்படிப் பாதித்திருக்கும் என்பதே அங்கே கேள்வி. அறிக்கை அதைக் குற்றமென்று முடிவு கட்டவில்லை.

பேச முடிவு செய்தவர்களின் நிலை என்ன? ட்ரம்ப்பின் தனி வழக்கறிஞராக இருந்த மைக்கேல் கோஹன், மானஃபோர்ட்டின் தீர்ப்பு வந்த அதே நாளில் நியூயார்க்கில் எட்டுக் குற்றங்களை ஒப்புக்கொண்டார். முறையான ஒத்துழைப்பு உடன்பாடு அவரிடம் இல்லை. தன் வாழ்நாள் குற்றங்கள் அனைத்தையும் கொட்டித் தீர்த்தால்தான் உடன்பாடு என்பது அங்குள்ள அரசு வழக்கறிஞர்களின் பழக்கம், அதற்கு அவர் இசையவில்லை. 3 ஆண்டு தண்டனை. 2020 மே மாதம் கொரோனாவைக் காரணமாக வைத்து வீட்டுக்கு அனுப்பப்பட்டார். ஜூலை 9 அன்று வீட்டுக் காவல் நிபந்தனைகளில் கையெழுத்திடப் போனார். நீட்டிய காகிதத்தில் முதல் நிபந்தனையே ஊடகங்களோடு எந்தத் தொடர்பும் கூடாது, நூலும் கூடாது, சமூக ஊடகமும் கூடாது என்பது. அவர் ட்ரம்ப்பைப் பற்றி ஒரு நூல் எழுதிக்கொண்டிருந்த நேரம். தயங்கினார். அன்றே விலங்கிட்டுச் சிறைக்குத் திருப்பி அனுப்பினார்கள். இரண்டு வாரம் கழித்து நீதிபதி ஆல்வின் ஹெல்லர்ஸ்டீன், இப்படியொரு நிபந்தனையைத் தன் 21 ஆண்டு பணியில் கண்டதில்லை என்றும் இது பழிவாங்கல் என்றும் சொல்லி அவரை விடுவித்தார். ஷெப்பர்ட் காலத்து வாய்ப்பூட்டுக்கு இங்கே வேலையே இல்லை. ஜூரி கிடையாது, நடக்கவிருக்கும் விசாரணை கிடையாது. கெடுவதற்கு மிச்சமிருந்தது ஒருவரின் நற்பெயர் மட்டும்.

நான்காண்டு கழித்து மெர்ச்சனின் நீதிமன்றத்தில் முக்கிய சாட்சி இதே கோஹன். தடை ட்ரம்ப்பை மட்டுமே கட்டியதால் கோஹன் டிக்டாக்கில் தாராளமாகப் பேசி வந்தார். பாதுகாப்புக்காக விதித்த உத்தரவைச் சாட்சிகள் வாளாகத் தூக்கக் கூடாது என்று நீதிபதி எழுத வேண்டியதாயிற்று. பிறகு, அவரை வாயை மூடச் சொல்லுங்கள் என்று அரசுத் தரப்பிடம் கேட்டுக்கொண்டார். கட்டளையிட அல்ல, கேட்டுக்கொள்ள.

இரண்டு கருவிகளையும் ஒரே காகிதத்தில் சேர்த்தது ஜார்ஜியா. 2023 ஆகஸ்டில் ஃபுல்டன் மாவட்ட அரசு வழக்கறிஞர் ஃபானி வில்லிஸ், மாநிலத் தேர்தல் முடிவைக் கவிழ்க்கச் சதி செய்ததாக ட்ரம்ப் உட்பட 19 பேர் மேல் வழக்கு தொடுத்தார். இங்கே மன்னிப்பின் நிழல் விழாது என்பதே அந்த வழக்கின் பலமாகப் பேசப்பட்டது. அதிபரால் மாநிலக் குற்றத்தை மன்னிக்க முடியாது. ஜார்ஜியாவில் ஆளுநருக்குக் கூட அந்த அதிகாரம் இல்லை, தனி வாரியத்துக்குத்தான் உண்டு. அதுவும் தண்டனையை முடித்து ஆண்டுகள் கழிந்த பிறகே. வெளியிலிருந்து ஏலம் கேட்பவர் இல்லாத நீதிமன்றம் என்பதால் பேரம் வேகமாகப் படிந்தது. செப்டம்பர் இறுதியிலிருந்து ஒரு மாதத்துக்குள் நான்கு பேர். அவர்களில் ஒருவர் சிட்னி பவல், ஃப்ளின்னின் ஒப்புதல் நெருக்கடியால் பெறப்பட்டது என்று வாதாடிய அதே வழக்கறிஞர். ஜூரித் தேர்வுக்கு முந்தைய நாள், அக்டோபர் 19 அன்று, ஆறு சிறு குற்றங்களை ஒப்புக்கொண்டு 6 ஆண்டு நன்னடத்தைக் கண்காணிப்பையும் 6,000 டாலர் அபராதத்தையும் ஏற்றார். மறுநாள், ஜூரித் தேர்வு தொடங்கிய பிறகு, மாற்று வாக்காளர் குழு என்ற யோசனையை வகுத்த கென்னத் செஸ்ப்ரோ. அக்டோபர் 24 அன்று ஜென்னா எல்லிஸ், கண்ணீரோடு.

நிபந்தனைகளைப் பாருங்கள். அழைக்கும்போது வந்து உண்மையைச் சொல்ல வேண்டும். ஜார்ஜியா மக்களுக்கு மன்னிப்புக் கடிதம் எழுத வேண்டும். வழக்குகள் முடியும்வரை ஊடகங்களோடு பேசக் கூடாது. நீதிமன்றத்துக்குள் பேசு, வெளியே பேசாதே. பவலும் செஸ்ப்ரோவும் எழுதிய மன்னிப்புக் கடிதங்கள் ஆளுக்கு ஒரே ஒரு வாக்கியம். அரசுத் தரப்பிடம் அவர்கள் கொடுத்த ஒளிப்பதிவு வாக்குமூலங்களோ நவம்பரில் ஊடகங்களுக்குக் கசிந்தன. கசியவிட்டது நான்தான் என்று இன்னொரு குற்றம் சாட்டப்பட்டவரின் வழக்கறிஞர் நீதிமன்றத்தில் எழுந்து ஒப்புக்கொண்டார். மக்களுக்குத் தெரிய வேண்டியவை என்பது அவர் வாதம். நீதிபதி ஸ்காட் மெக்காஃபி அதன் பிறகு பாதுகாப்பு உத்தரவு போட்டார். ரிச்சர்ட்சன் 40 பக்கத்தில் தானே வெளியிட்டதை இங்கே ஒரு வழக்கறிஞர் திருட்டுத்தனமாக வெளியிட வேண்டியிருந்தது. இந்த வழக்கின் ஆதாரங்களில் ஒரு பகுதியை வாக்காளர்கள் தெரிந்துகொண்டது அந்தக் கசிவின் வழியேதான்.

அதன் பிறகு வழக்கு அரசு வழக்கறிஞரின் சொந்த விவகாரத்தில் சிக்கியது. தான் நியமித்த சிறப்பு வழக்கறிஞரோடு அவருக்கு இருந்த உறவைக் காரணமாக்கி 2024 டிசம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றம் வில்லிஸை நீக்கியது. வழக்கைக் கையில் எடுத்த பீட் ஸ்கண்டலாகிஸ் 2025 நவம்பர் 26 அன்று அதைக் கைவிட்டார். மன்னிப்பு எட்டாத இடத்தில், ஒப்புக்கொள்ளாமல் நின்ற 15 பேர் மேலிருந்த வழக்கு வேறு வழியில் கலைந்தது. அதே மாதம் ட்ரம்ப் வெளியிட்ட மன்னிப்புப் பட்டியலில் பவல், செஸ்ப்ரோ, எல்லிஸ் பெயர்களும் இருந்தன. மத்தியச் சட்டத்தில் அவர்கள் மேல் எந்த வழக்கும் இருக்கவில்லை. மாநிலத்தில் அவர்கள் ஒப்புக்கொண்ட குற்றத்தை அந்தப் பட்டியலால் தொடவும் முடியாது.

ஒப்புக்கொண்டது எளிதில் அழியாது என்பது செஸ்ப்ரோவுக்கு அதற்கு முன்பே புரிந்திருக்கும். அவர் ஒப்புக்கொண்ட பொய் ஆவணக் குற்றச்சாட்டை, அது மாநிலத்தின் அதிகார எல்லைக்கு உட்பட்டதல்ல என்று சொல்லி, 2024 செப்டம்பரில் மெக்காஃபியே மற்றவர்கள் வழக்கில் நீக்கினார். அப்படியானால் என் ஒப்புதலையும் ரத்து செய்யுங்கள் என்று செஸ்ப்ரோ மனு போட்டார். டிசம்பரில் அது நிராகரிக்கப்பட்டது.